ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடுமா?

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு தனியார் லேப் முகாம் போட்டிருக்கிறது. 'பெண்கள் கேன்சர் பேக்கேஜ்' என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 57 வயது மாமியாருக்கு சி.ஏ. 125, சி.இ.ஏ., எஸ்.சி.சி. ஆன்டிஜென் மூன்றும் நார்மல். "கேன்சர் இல்லம்மா, இனிமே உள்ளே டெஸ்ட்டெல்லாம் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் மாமியாருக்குத் தீட்டு நின்று ஆறு வருடம் கழித்து, இந்த ஆடியிலிருந்து இரண்டு மூன்று தடவை லேசாக உதிரம் பட்டிருக்கிறது, வெள்ளையும் படுகிறது. கேட்ட சகோதரிக்கு வயது 34. அவருக்கு சி.ஏ. 125 மட்டும் 52 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. ரத்தம் கொடுத்தது மாதவிலக்கின் இரண்டாம் நாள். வருடா வருடம் இந்த ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதுமா, 11 வயது மகளுக்கு இந்தப் புற்றுக்கான தடுப்பூசி போட்டுவிட்டால் அவளுக்குப் பிற்காலத்தில் பரிசோதனையே வேண்டாமா என்றும் கேட்கிறார்.

டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அத்தையை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். தீட்டு நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் மருத்துவர் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். ரத்த ரிப்போர்ட் என்ன சொன்னாலும் சரி. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த வயதில் இப்படிப் படுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து உலர்ந்து போவதுதான். ஆனால் அதே அறிகுறியோடுதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றும் வரும், கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றும் வரும். எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், ரத்தம் எடுத்துச் சொல்ல முடியாது. அந்த முகாமில் 'தேவையில்லை' என்று சொன்னவர் அத்தையிடம் உதிரம் பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

சம்பா நடவு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த நோயில் பெண்கள் தாமதமாக வருவதற்கு எங்கள் பக்கத்தில் பாதிக் காரணம் வயல்வேலையும் வீட்டுவேலையும்தான். மீதிப் பாதி கூச்சம். அத்தைகள் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். உங்கள் அத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

இனி அந்த ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். புற்று செல்கள் சில புரதங்களை வழக்கத்தைவிட அதிகமாக உற்பத்தி செய்து ரத்தத்தில் விடுகின்றன. அவற்றை அளப்பதுதான் டியூமர் மார்க்கர் பரிசோதனை. பேக்கேஜில் இருந்த சி.ஏ. 125 முக்கியமாகச் சினைப்பைப் புற்றுநோய்க்கானது. சி.இ.ஏ. முக்கியமாகப் பெருங்குடல் புற்றுநோய்க்கானது, புகைபிடிப்பவர்களுக்கு நோயில்லாமலே சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆக மூன்றில் இரண்டு கர்ப்பப்பை வாய்க்காக வந்ததே இல்லை. மிஞ்சுவது எஸ்.சி.சி. ஆன்டிஜென் ஒன்றுதான். 1977இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுத் திசுவிலிருந்துதான் அதைக் கண்டெடுத்தார்கள். அதனால் பெயரளவில் பொருத்தமானது அது ஒன்றே.

ஆனால் அதுவும் ஆரம்பத்தில் கைவிட்டுவிடும். காரணம் இந்த நோய் வளரும் விதத்தில் இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்று ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் இதைக் காட்டினார், 2008இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸில் பல வகை உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். தாம்பத்திய வாழ்க்கை தொடங்கியவர்களில் மிகப் பலருக்கு ஏதாவது ஒரு காலத்தில் இது தொற்றும். பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் போகாமல் தங்கும். அப்படித் தங்கியவர்களில் கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே ஆகிவிடலாம்.

அந்த 15, 20 வருடம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி வருமுன்னே செய்யும் பரிசோதனை என்பதே அந்த அவகாசத்துக்குள் போய்ப் பிடிப்பதற்காகத்தான். அந்தக் கட்டத்தில் மாறிய செல்கள் மேல்தோலுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அடியில் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டாது. மேல்தோலில் ரத்தக்குழாய் கிடையாது. அப்புறம் அந்தப் புரதம் எப்படி ரத்தத்தில் அளக்கும் அளவுக்கு ஏறும்? மேட்டூர் மதகில் ஒரு சின்ன விரிசல் விட்டிருக்கிறதா என்று வேதாரண்யத்துக் கடைமடை வாய்க்காலில் நின்றுகொண்டு பார்க்க முடியுமா? மதகுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சவ்வைத் தாண்டி உண்மையான புற்றாகவே ஆன பிறகும் கதை முழுதாக மாறிவிடுவதில்லை. முதல் கட்டப் புற்றில் எஸ்.சி.சி. ஆன்டிஜென் உயர்ந்திருப்பது கால்வாசிப் பேரிலிருந்து பாதிப் பேர் வரைதான். ஆய்வுக்கு ஆய்வு அது மாறும். கட்டி பெரிதாகி, பக்கத் திசுக்களுக்கும் நெறிகட்டிகளுக்கும் பரவிய பிறகுதான் பெரும்பாலோருக்கு எண் ஏறும். அதுவும் மேல்தோல் செல்களில் வரும் ஸ்குவாமஸ் வகைக்குத்தான். அடினோகார்சினோமா என்ற சுரப்பி வகைப் புற்றில் இந்த மார்க்கரை நம்பிப் பயனில்லை. எளிதாகக் குணமாக்கக்கூடிய கட்டத்தில் மௌனமாக இருந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு சத்தம் போடுகிற பரிசோதனை ஸ்கிரீனிங்குக்கு உதவாது.

மறுபக்கமும் உண்டு. புற்றே இல்லாமலும் எண் ஏறும். சோரியாசிஸ், எக்ஸிமா போன்ற தோல் நோய் இருந்தால் ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஏறும். இந்தப் புரதம் நம் தோலிலும் எச்சிலிலும் வியர்வையிலும் இயல்பாகவே இருப்பது. லேப்பில் மாதிரியைக் கையாளும்போது தோலோ எச்சிலோ பட்டாலே அளவு தவறாகக் கூடிவிடும்.

இதன் விளைவு ஊர்க்கணக்கில் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானாக வைத்துக்கொள்ளும் கணக்கு. டெல்டாவில் 1,00,000 பெண்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனை செய்கிறோம், அவர்களில் 50 பேருக்கு அறியாமல் புற்று இருக்கிறது என்று கொள்வோம். நூறில் மூன்று பேருக்குத்தான் தவறாகக் கூடுதலாகக் காட்டும் என்று தாராளமாகவே வைப்போம். அப்படியும் ஏறக்குறைய 3,000 பெண்கள் நோயில்லாமலே புற்று என்று பயந்து ஸ்கேனுக்கும், திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கும் அலைவார்கள். நோய் உள்ள 50 பேரில் பாதியைப் பிடித்தாலும் மீதி 25 பேர் 'நார்மல்' சீட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இன்னும் புற்றாகாத மாற்றத்தோடு இருக்கும் பெண்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலோர் இந்த வலையில் விழமாட்டார்கள். எனக்கு அந்த 3,000 பேரைவிட நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. பயந்தவர் எங்காவது போய்க் காட்டிவிடுவார். நார்மல் என்று சீட்டு வாங்கியவர் வெள்ளைபட்டாலும் உதிரம் பட்டாலும் "அதான் பாத்தாச்சே" என்று உட்கார்ந்துவிடுவார்.

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பல லேப்கள் அங்கே ஒரு வரி போட்டிருப்பார்கள்: இதைப் பொதுமக்களுக்குப் புற்றுநோய் ஸ்கிரீனிங்காகப் பயன்படுத்தக்கூடாது, மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று. மேலே பெரிய எழுத்தில் கேன்சர் பேக்கேஜ், கீழே பொடி எழுத்தில் இது.

அப்படியானால் எஸ்.சி.சி. ஆன்டிஜென் ஏமாற்று வேலையா? இல்லை. புற்று என்று பயாப்சியில் உறுதியான பிறகு அதற்கு வேலை உண்டு. சிகிச்சைக்கு முன் அளவு அதிகமாக இருந்து, கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தபின் இறங்கினால் சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. இறங்கியது சில மாதம் கழித்து மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். சிலருக்கு அறிகுறி தெரிவதற்குச் சில மாதம் முன்னாலேயே அது ஏறுவதும் உண்டு. ஆகவே உங்களுக்குத் தெரிந்த யாராவது சிகிச்சையில் இருந்து, அங்கே மருத்துவர் இதை எழுதிக்கொடுத்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். நோயின் கட்டத்தை முடிவுசெய்வதுகூட உடல் பரிசோதனையும் ஸ்கேனும் திசு முடிவும் வைத்துத்தான், மார்க்கர் அதில் சேர்த்தி இல்லை.

எச்.ஐ.வி.க்கு ரத்தத்தில் பார்ப்பதுபோல எச்.பி.வி.யையும் ரத்தத்திலேயே பார்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். எச்.பி.வி. ரத்தத்தில் சுற்றும் வைரஸ் இல்லை, தோலிலும் சவ்விலும் மட்டுமே தங்குவது. அதனால் கர்ப்பப்பை வாயிலிருந்து அல்லது பிறப்புறுப்பின் உள்ளிருந்து எடுத்த மாதிரியில்தான் அதைத் தேட முடியும். ரத்தத்தில் சுற்றும் புற்று டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்து ஒரே குழாய் ரத்தத்தில் பல புற்றுகளைச் சொல்லும் புதிய பரிசோதனைகளும் விளம்பரத்தில் வருகின்றன. அவற்றில் மிகப் பெரிதாக ஆராயப்பட்ட ஒன்றிலேயே, 2021இல் வந்த முடிவின்படி, முதல் கட்டப் புற்றுகளில் நூற்றுக்குப் பதினேழைத்தான் பிடிக்க முடிந்தது. கர்ப்பப்பை வாய்க்கு ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் நல்ல பரிசோதனை இருக்கும்போது அதன் பின்னால் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

அந்த நல்ல பரிசோதனை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தெரியாததால்தான் பாதிப் பயம்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே தொற்றா நோய்ப் பிரிவின் நர்ஸ்தான் பார்ப்பார். தமிழ்நாடு முழுதும் வருவதற்கு முன் இந்தத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கிய இரண்டு மாவட்டங்களில் ஒன்று நம் தஞ்சாவூர், மற்றொன்று தேனி. திரைபோட்ட அறை, ஒரு கட்டில், ஒரு விளக்கு. படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்பெக்குலம் என்ற கருவியை மெதுவாக உள்ளே வைத்து விரிப்பார்கள். இறுக்கமாக, ஒரு மாதிரி இருக்கும். மூச்சை விட்டுத் தளர்ந்து படுத்தால் பெரும்பாலும் வலிக்காது. கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரிந்ததும் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைப்பார்கள். நம் வீட்டு வினிகர்தான் அது, அறை முழுக்க ஊறுகாய் ஜாடி திறந்த வாசம் வரும். ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறிய செல்கள் இருக்கும் இடம் அந்த நிமிடத்தில் வெளுத்து, கரை தெளிவான ஒரு வெள்ளைத் திட்டாக எழும்பும். இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். முடிவை அங்கேயே, அப்போதே சொல்லிவிடுவார்கள். ஐந்து பத்து நிமிட வேலை. இதற்கு வி.ஐ.ஏ. என்று பெயர்.

இவ்வளவு எளிய ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே ஒரு தடவை வி.ஐ.ஏ. பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 1,31,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வந்தது. அங்கே ஒரு தடவை எச்.பி.வி. பரிசோதனை செய்ததில் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இரண்டிலும் இருந்தவர்கள் நம் நாட்டுக் கிராமத்துப் பெண்கள். எஸ்.சி.சி. ஆன்டிஜெனுக்கு இப்படிச் சாவைக் குறைத்ததாக ஒரு ஆய்வும் கிடையாது. சி.ஏ. 125ஐ அதன் சொந்தத் துறையான சினைப்பைப் புற்றுக்கே ஸ்கிரீனிங்காக வைத்து பிரிட்டனில் 2,00,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: சாவு குறையவில்லை.

வி.ஐ.ஏ.க்கும் குறை உண்டு. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும். வெள்ளைத் திட்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. அவர்களை கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்த்து, சந்தேகமான இடத்தில் ஒரு துளி திசு எடுத்து உறுதிசெய்வார்கள். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அனுப்புவது அதற்குத்தான். மாற்றம் உறுதியானால் சூடு அல்லது குளிர் வைத்து அந்த இடத்தை அழிப்பார்கள், அல்லது மின்கம்பி வளையத்தால் மெல்லச் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும்.

இன்னொரு குறை உங்கள் அத்தையைத் தொடுவது. தீட்டு நின்ற பிறகு, செல் மாறும் பகுதி கர்ப்பப்பைக் கழுத்தின் உள்ளே போய்விடும். வெளியிலிருந்து தெரியாது. அதனால் அவர் வயதில் வி.ஐ.ஏ. நம்பகமானதல்ல. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ எச்.பி.வி. பரிசோதனையோதான் ஏற்றது. அதைவிட முக்கியம், அவருக்கு அறிகுறி இருக்கிறது. அறிகுறி வந்தபின் செய்வதை ஸ்கிரீனிங் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, அது நோயைத் தேடுவது. மருத்துவர் உள்ளே பார்ப்பார். வாயில் சதை வளர்ந்திருந்தாலோ தொட்டால் ரத்தம் கசிந்தாலோ ஸ்மியர் முடிவுக்குக் காத்திராமல் நேரே பயாப்சி எடுப்பார். வாய் சுத்தமாக இருந்தால் ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அங்கிருந்தும் திசு எடுக்கச் சொல்வார். ஒருவேளை வெறும் உலர்ச்சிதான் என்று தெரிந்தால் அதற்கு மருந்து தருவார், அத்தோடு முடிந்தது. போகும்போது ரத்த ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள், ஆனால் முதலில் நீட்டாதீர்கள். எப்போதிலிருந்து படுகிறது, எத்தனை தடவை, வெள்ளையில் நாற்றம் இருக்கிறதா, இடுப்புவலி உண்டா என்று சொல்லத் தொடங்குங்கள்.

யாராவது "எதற்கு வம்பு, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று சொன்னால் பயாப்சி முடிவு வரும்வரை சம்மதிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் வெள்ளைபட்டாலே கர்ப்பப்பையை எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே கர்ப்பப்பை வாய்ப் புற்று இருப்பது தெரியாமல் சாதாரண முறையில் எடுத்துவிட்டால் நோய் முழுதாக வெளியே வராது. அப்புறம் கொடுக்க வேண்டிய கதிர்வீச்சும் சிக்கலாகிவிடும். முன்னாலேயே தெரிந்திருந்தால் சிகிச்சையை வேறு விதமாகத் திட்டமிட்டிருப்பார்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களும் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பாருங்கள். சிலருக்கு வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருப்பார்கள். அவர்களுக்குப் பரிசோதனை தொடர வேண்டும்.

இனி உங்கள் 52. சி.ஏ. 125க்கு 35 வரை நார்மல் என்பது வழக்கம். மாதவிலக்கு நாட்களில் அது ஏறும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பைத் தொற்று, வயிற்றுக் காசநோய் இவற்றிலெல்லாம் ஏறும். இரண்டாம் நாளில் எடுத்த 52ஐ வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நேரம் கிழித்தும் போட்டுவிடாதீர்கள். ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஒன்று எடுங்கள். அவர் விரும்பினால் மாதவிலக்கு இல்லாத நாளில் இன்னொரு தடவை ரத்தம் பார்ப்பார். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது சினைப்பையிலோ மார்பிலோ புற்று வந்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். லேப்காரர் சொன்னார் என்று நேரே சி.டி. ஸ்கேனுக்குப் போக வேண்டாம்.

வருடா வருடம் மார்க்கர் எடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது. உங்களுக்கு 34, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தொடங்க வேண்டிய வயது தாண்டிவிட்டது. வி.ஐ.ஏ. என்றால் 5 வருடத்துக்கு ஒரு முறை, பாப் ஸ்மியர் என்றால் 3 வருடத்துக்கு ஒரு முறை. எச்.பி.வி. பரிசோதனை கிடைத்தால் அதுவே மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இலிருந்து அதைத்தான் முதலில் வைக்கிறது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். எச்.பி.வி. மாதிரியை, சொல்லிக்கொடுத்தால் பெண்கள் தாங்களே எடுத்துக்கொடுக்கவும் முடியும். கூச்சத்தால் கட்டிலில் ஏற மறுப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஸ்மியருக்குப் போவதாக இருந்தால் மாதவிலக்கு முடிந்த பிறகு போங்கள். முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், உள்ளே மருந்து எதுவும் வைக்க வேண்டாம்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் ஒரு விஷயத்தை மனத்தில் வையுங்கள், ஏனென்றால் இதில் குடும்பங்கள் உடைந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டு நேற்றோ போன மாதமோ வந்த தொற்றைக் காட்டுவதாக அர்த்தமில்லை. கல்யாணமான புதிதில் வந்து பல வருடம் ஒடுங்கிக் கிடந்ததாகவும் இருக்கலாம். கணவரையோ மனைவியையோ சந்தேகப்பட அதில் எந்த ஆதாரமும் இல்லை. பாசிட்டிவ் என்றால் புற்று என்றும் இல்லை, கூர்ந்து பார்க்க வேண்டியவர் என்று மட்டும்தான். இதே காரணத்தால்தான், கணவர் காலமாகிப் பத்து வருடமாகிறது, எனக்கு எதற்கு இது என்று கேட்கும் அம்மாக்களுக்கும் பரிசோதனை வேண்டும் என்கிறேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அப்படியே. அது குழாயைக் கட்டுவது, கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2022இல் மட்டும் இந்தியாவில் 1,27,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்று வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். முன்கூட்டியே தடுக்க இவ்வளவு வழியிருக்கும் புற்று வேறு ஏதும் பெண்களுக்கு இல்லை. அதனால்தான் ஒரு குழாய் ரத்தத்தை நம்பி ஒருவர்கூட வீட்டில் உட்காரக்கூடாது என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மகளுக்கு 11 வயது என்றால் தடுப்பூசிக்குச் சரியான வயது. 9 முதல் 14 வயதுக்குள், வைரஸ் தொட வாய்ப்பு வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். அந்த வயதில் ஒன்று அல்லது இரண்டு ஊசி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023இலிருந்து இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் ஊசியும் கிடைக்கிறது. வெளியில் காசு கொடுத்துப் போடும் முன், அரசுத் திட்டத்தில் மகளின் வயதுக்கு இப்போது போடுகிறார்களா என்று பள்ளியிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் விசாரித்துவிடுங்கள். வயதுக்கு வருவதற்கு முன் போடலாமா, பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா என்று ஊரில் பேசுவார்கள். தாராளமாகப் போடலாம், குழந்தைப்பேற்றுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஊசி முக்கியமான வகைகளைத் தடுக்கும், எல்லா வகையையும் தடுக்காது. அதனால் 30 வயதானதும் அவளும் பரிசோதனைக்குப் போக வேண்டும். உங்கள் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது அவள் ஊசிக்கும் விசாரித்துக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு முன்னால், அத்தை. முடிவு வந்ததும் எழுதுங்கள், பயாப்சி ரிப்போர்ட்டில் புரியாதது இருந்தால் அதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.